அத்தையின் இராவுணவும் நாற்பது அங்குலச் சட்டமும்

என் மாமியார் கடைசி இராவுணவைத் தைத்து முடித்தபோது பந்தியில் ஒரு ஆள் குறைந்தது.

தைத்து என்றால் கிராஸ் ஸ்டிட்ச். கட்டம் கட்டமாகத் துளை போட்ட வெள்ளைத் துணியில், சார்ட்டைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போக வேண்டும். ஆண்டவர் நடுவில், அவருக்கு இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் ஆறு பேர் என்று எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிற படம். இடது ஓரத்தில் ஆரம்பித்து மூன்று வருஷம் தைத்தார் அத்தை. வலது கோடியில், கையில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் காட்டிக்கொடுத்தவன். அவனுக்கு முந்திய ஆளோடு ஊசியைக் குத்தி வைத்துவிட்டார்.

"இன்னும் ஒருத்தர் இருக்காரே அத்தை" என்றேன்.

"தெரியும் மாப்பிள்ளை. கண்ணைக் குடுத்து நல்லவங்க எல்லாரையும் தெச்சாச்சு. அந்த ஆளுக்கு எதுக்கு நான் ரெண்டு மாசம் குடுக்கணும்?"

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தவரிடம் வாதாட முடியாது. நானும் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன்தான். ஆனால் என்னிடம் ஊசி கிடையாது.

படத்துக்குச் சட்டம் போட வேண்டும் என்று இரண்டு பேரும் ஆட்டோவில் தேவராஜ மொஹல்லா கடைத்தெருவுக்குப் போனோம். துணியைச் சுருட்டித் தலையணை உறைக்குள் போட்டு, கைக்குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தார் அத்தை. திருப்பங்களில் ஆட்டோக்காரருக்குத் திட்டு விழுந்தது. சட்டக் கடைக்காரர் துணியை மேசையில் விரித்துப் பார்த்து, "சென்னாகிதே அம்மா, ரொம்ப சென்னாகிதே" என்று கன்னடமும் தமிழுமாக மனமாரப் பாராட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அதன் முனையால் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். ஒரு தடவை எண்ணினார். முகம் மாறியது. வலப் பக்கத்திலிருந்து இன்னொரு தடவை எண்ணினார்.

"அம்மா, ஒருத்தர் கம்மி இருக்காரு."

"உங்களை யாரு எண்ணச் சொன்னது?"

"இல்லம்மா, இந்தப் படம் எங்களுக்கு அடிக்கடி வரும். கண்ணாடி போட்டதுக்கு அப்புறம் ஒருத்தரைக் காணோம்னு யாராவது வந்து நின்னா, பழி எங்க மேலதான். அதான் வாங்கறப்பவே எண்ணிடறது."

அத்தை துணியைச் சுருட்டினார். "வாங்க மாப்பிள்ளை" என்று படியிறங்கிவிட்டார். பக்கத்துத் தெருவில் இன்னொரு கடை. அந்த மனிதர் எண்ணவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு, "பாக்கியை எப்ப கொண்டு வருவீங்க?" என்று மட்டும் கேட்டார். அது எண்ணினதைவிட மோசமாகப் போய்விட்டது. திரும்பும் வழியில் ஆட்டோவில் அத்தை தீர்ப்புச் சொன்னார்: இந்தத் துணி இனிமேல் எந்தக் கடைக்கும் போகாது, எவன் கண்ணிலும் படாது.

அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் நான் வாயை விட்டேன். "விடுங்க அத்தை. ஃப்ரேம் நானே பண்ணித் தரேன்."

வாழ்நாளில் ஒரு முக்காலிகூடச் செய்யாதவன் நான். அத்தைக்கும் அது தெரியும். அன்று மாலை சமையலறையில் என் மனைவியிடம், எனக்குக் கேட்கவேண்டிய அளவு சத்தத்தில், சொன்னார்.

"தவக்காலத்துக் கடைசி புதன்கிழமை ஜெபம் நம்ம வீட்டுல. அன்னிக்குப் படம் சுவத்துல இருக்கணும். இல்லன்னா மறுநாள் படத்தை எடுத்துக்கிட்டு நானும் பெரியவ வீட்டுக்குப் போயிடறேன். இந்த வீட்டுல ஒரு ஆணி அடிக்க ஆளில்ல."

பெரியவள் என்பது பெங்களூரில் இருக்கும் மூத்த மகள். அவளைக் கட்டியவர் எனக்குச் சகலை. அவர் வீட்டில் அத்தைக்கென்று ஜன்னலோடு, வெளிச்சத்தோடு, ஏசியோடு ஓர் அறை மூன்று வருஷமாகக் காலியாகக் காத்திருக்கிறது. ஈஸ்டருக்குக் கூட்டிப்போக வியாழக்கிழமை காரோடு வருவதாக அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். போனால் அத்தை திரும்பமாட்டார் என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று. அத்தை வெறும் மிரட்டலுக்குப் பேசுகிறவர் அல்ல.

மாமியார் போகிறார் என்றால் மருமகன் தேங்காய் உடைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். என் நிலைமை வேறு. மனைவி நர்ஸ், அவளுக்கு ஷிஃப்ட். ஓய்வு பெற்றபின் பகல் முழுக்க என்னோடு சண்டை போட வீட்டில் இருக்கும் ஒரே ஆள் அத்தைதான். நாலு மணிக்குக் காபி, அதோடு ஒரு ஆட்டம் லூடோ. என் காயை வெட்டும்போது அவர் முகத்தில் வருகிற சிரிப்பைப் பார்த்தால் தோற்றவனுக்கும் சிரிப்பு வரும். அவர் இல்லாத நாலு மணியை என்னால் யோசித்துப் பார்க்க முடியவில்லை. எனக்கு அத்தை வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை.

ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்துக்கு ஒருவர் இறைச்சியை விடுவார், ஒருவர் காபியை விடுவார். அத்தை அந்த வருஷம் லூடோவை விட்டிருந்தார். ஆகவே எனக்கு மாலை நேரம் காலியாக இருந்தது. கருவி தேடக் கிளம்பினேன்.

என்னென்ன கருவி வேண்டும் என்பதை யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் சொல்லிக்கொடுத்தார். அவருடைய பட்டறையில் சுவர் முழுக்கக் கருவிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கொக்கி. நாலு சாமான் அவசியம் என்றார். முதுகில் இரும்புப் பட்டை வைத்த, பல் பொடியான ரம்பம். சாய்வாகக் கீறல் போட்ட மரப்பெட்டி. மரத்தை அதற்குள் வைத்து, கீறல் வழியாக ரம்பத்தை விட்டால் நாற்பத்தைந்து பாகையில் நறுக்கென்று வெட்டும். பசை காயும்வரை மூலைகளைக் கவ்விப் பிடிக்க நாலு பிடிகள். கடைசியாக, கண்ணாடிக்குப் பக்கத்தில் சுத்தியலால் அடிக்காமலே ஆணியை மரத்துக்குள் தள்ளும் ஒரு சாதனம். அது பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருந்தது. அதன்மேல் எனக்கு உடனே ஆசை வந்துவிட்டது.

முதல் ஹார்ட்வேர் கடையில் கூட்டம். அந்தப் பக்கத்துக் கடைகளில் நீங்கள் எதையும் தொட்டு எடுக்க முடியாது. பெயரைச் சொன்னால் உள்ளே போய்க் கொண்டுவருவார்கள். பெயர் தெரியாதவனுக்கு அங்கே வேலையில்லை. நாற்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். இன்றைக்கும் என் கன்னடத்தைக் கேட்டதும் கடைக்காரர்கள் இரக்கப்பட்டுத் தமிழுக்கு மாறிவிடுகிறார்கள். இவரும் மாறினார். நான் கைகளால் சாய்வு, கவ்வல், தள்ளல் எல்லாம் செய்துகாட்டிவிட்டு, கடைசியில் போனை நீட்டினேன்.

"வீடியோ இருக்கா? கொடுங்க சார், பார்ப்போம்."

பார்த்தார். முழுசாகப் பார்த்தார். பெயின்ட் வாங்க வந்த இரண்டு பேர் அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். மூட்டை இறக்க வந்த கூலிக்காரர் மூட்டையை இறக்கி அதன்மேலேயே உட்கார்ந்து பார்த்தார். வெள்ளைக்காரர் பசை தடவியபோது, ரொம்பத் தடவுகிறார், அவ்வளவு தேவையில்லை என்று ஒரு சர்ச்சை எழுந்தது. மூலை இரண்டும் பொருந்தியபோது கூலிக்காரர் "சபாஷ்" என்றார். வீடியோ முடிந்தது. கடைக்காரர் போனைத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு. இதெல்லாம் எங்ககிட்ட இல்லா சார்."

அடுத்த கடைக்காரர் வீடியோவே பார்க்கவில்லை. "உங்க மேஸ்திரி யாரு? அவரை அனுப்புங்க, அவருக்குத் தெரியும்" என்றார். நானே செய்கிறேன் என்றேன். அவர் என் வெள்ளைச் சட்டையையும் மூக்குக்கண்ணாடியையும் பார்த்தார். "மேஸ்திரியை அனுப்புங்க" என்று மறுபடியும் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மறுநாள் பழைய காக்கிச் சட்டை போட்டு, தலையைக் கலைத்துவிட்டு, காதில் ஒரு பென்சில் செருகிக்கொண்டு, அதே கடைக்குப் போனேன். "முதுகுப்பட்டை ரம்பம் ஒண்ணு" என்று தொண்டையைக் கரகரப்பாக வைத்துக்கொண்டு கேட்டேன்.

"நேத்து வந்த சார் தானே? ஸ்கூல் வாத்தியாரா நீங்க?"

"எப்படித் தெரிஞ்சுது?"

"மேஸ்திரிங்க பென்சிலை எப்பவும் மொட்டையாத்தான் வச்சிருப்பாங்க. நீங்க இப்படிக் கூரா சீவி வச்சிருக்கீங்க."

பாவம் பார்த்தாரோ, வேஷத்துக்கு மரியாதை செய்தாரோ, உள்ளே போய் அட்டை உறை போட்ட ஒரு ரம்பத்தைக் கொண்டுவந்தார். முதுகில் பட்டை, பொடிப் பல். வீடியோவில் பார்த்ததேதான். வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டினேன். "இது நம்ம எலும்பு டாக்டர் வச்சிருக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போனாள்.

கவ்வும் பிடிகளை ஆன்லைனில் வாங்கினேன். படத்தில் ராட்சசக் கைகள் மாதிரி இருந்தன. வந்த டப்பாவைத் திறந்தால் உள்ளங்கைக்குள் அடங்குகிற நாலு பிளாஸ்டிக் மூலைகள். தீப்பெட்டிக்குச் சட்டம் போடலாம். சமாசாரம் எப்படியோ பெங்களூருக்குப் போய்ச் சகலை வீடியோ காலில் வந்தார். பின்னணியில் அவருடைய டிரில் மெஷின், மின்சார ரம்பம் எல்லாம் பெட்டியில் படுத்திருந்தன. அதில் எதையும் அவர் ஒருநாளும் பிளக்கில் செருகியதில்லை.

"ஏன் சகலை இவ்ளோ கஷ்டம்? இங்க மால்ல ஒருத்தன் அரைமணி நேரத்துல போட்டுக் குடுக்கறான். அத்தையை அனுப்பி வைங்க."

"அத்தை கொரியர் இல்ல சகலை" என்று வைத்துவிட்டேன்.

சாய்வுக் கீறல் பெட்டிதான் இரண்டு வாரம் அலைக்கழித்தது. கடைசியில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய சாமான் விற்கிறவரிடம் அது கண்ணில் பட்டது. விற்பனைக்கு இருந்த குவியலில் இல்லை. அவர் தலைக்கு மேல், சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. சாய்ந்த கீறல் ஒவ்வொன்றிலும் ஒரு ஊதுபத்தி நின்று புகைந்துகொண்டிருந்தது.

"அந்தப் பெட்டி வேணும்."

"எது, ஊதுபத்தி ஸ்டாண்டா? அது கொடுக்கறதில்ல சார். சாமி சாமான்."

"அது ஊதுபத்தி ஸ்டாண்டு இல்லைங்க. மரம் வெட்டறது."

"சார், நாலு வருஷமா தினமும் ரெண்டு வேளை ஏத்தறேன். அது என்னன்னு எனக்குத் தெரியாதா?"

நாற்பத்தைந்து பாகை என்றால் என்ன என்று அந்தச் சந்தில் நின்று விளக்கினேன். சாய்ந்து நின்றால்தான் சாம்பல் வெளியில் விழாமல் பெட்டிக்குள்ளேயே விழும், அதற்காகத்தான் அப்படிக் கீறியிருக்கிறார்கள் என்று அவர் எனக்கு விளக்கினார். அவர் விளக்கம்தான் பொருத்தமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று நாள் கழித்து ஒரு புதுப் பித்தளை ஸ்டாண்டு வாங்கிக்கொண்டு போய், மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் ஸ்டாண்டைச் சுண்டிப் பார்த்தார், சாமியிடம் கண்ணாலேயே ஒரு வார்த்தை கேட்டார், பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் நான் வெட்டிய மரமெல்லாம் சந்தன ஊதுபத்தி வாசனை அடித்தது. "தவக்காலத்துல இது என்ன மணம்?" என்று அத்தை மூக்கைச் சுளித்தார்.

மிச்சம் இருந்தது ஆணி தள்ளும் துப்பாக்கி. அது ஊரில் யாரிடமும் இல்லை. சட்டக் கடைக்காரர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று வேவு பார்க்க முடிவு செய்தேன். தலை எண்ணிய அந்தக் கடைக்கு எதிரே இளநீர் வண்டி ஒன்று நிற்கும். அங்கே நின்று ஓர் இளநீரைக் குடித்துக்கொண்டே பார்த்தேன். அவர் முதுகுதான் தெரிந்தது. இன்னொரு இளநீர் குடித்தேன். மூன்றாவதைச் சீவச் சொன்னபோது கடைக்காரரே ரோட்டைத் தாண்டி வந்துவிட்டார்.

"அந்த ஒருத்தர் கம்மி அம்மாவோட மாப்பிள்ளை தானே நீங்க? வயிறு கெட்டுடும் சார், உள்ள வந்து பாருங்க."

உள்ளே போனேன். அவரிடம் இருந்தது துப்பாக்கி இல்லை, பம்ப் ப்ளையர். குழாய் ரிப்பேர்க்காரர்கள் வைத்திருக்கும் அகலவாய்க் குறடு. ஒரு தாடையைச் சட்டத்தின் வெளிப்பக்கம் வைத்தார், மறு தாடையை ஆணித் தலையில் வைத்தார், ஒரு அமுக்கு. ஆணி சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. அந்தக் குறடு எங்கள் வீட்டுச் சின்க்குக்கு அடியில் பதினைந்து வருஷமாகக் கிடக்கிறது.

"மூலையைப் பிடிக்க?"

"சைக்கிள் ட்யூப் சார். நீளமா கிழிச்சு, சுத்தி இறுக்கிக் கட்டிடுங்க. நாலு மூலையும் தானா கூடிக்கும்." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "இவ்ளோ பாடு எதுக்கு? அம்மாகிட்ட சொல்லாம படத்தைக் கொண்டாங்க. நான் எண்ண மாட்டேன்."

ஒரு நிமிஷம் சபலம் தட்டியது, பொய் சொல்வானேன். ஆனால் ஆட்டோவில் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். சட்டத்துக்கு மரப்பட்டை மட்டும் கொடுங்கள் என்றேன். உள்விளிம்பில் கண்ணாடி உட்காரப் படி விட்ட, பழுப்பு நிறத் தேக்கு மாதிரிப் பட்டை. எவ்வளவு நீளம் என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன். தலையணை உறைக்குள் போன துணியை அத்தை யாரையும் தொட விடவில்லை. டேப் வைத்து அளக்கக்கூட விடவில்லை, துரு ஒட்டிக்கொள்ளுமாம். ஆனால் கணக்கு வாத்தியாருக்குத் துணி எதற்கு? அத்தையின் சார்ட் அலமாரியில் இருந்தது. குறுக்கே ஐந்நூற்று அறுபது கட்டம். துணியில் அங்குலத்துக்குப் பதினான்கு கட்டம். வகுத்தால் மிச்சமில்லாமல் நாற்பது.

"நாற்பது அங்குலம்" என்றேன்.

"ஹௌது சார். கடைசி இராவுணவுக்கு அதேதான் சைஸ்" என்று அவர் தலையாட்டினார். வருஷக்கணக்காக அளந்தவர் சொல்வதும் நான் ஒரு தாளில் போட்ட கணக்கும் ஒன்றாக இருக்கிறதே என்று எனக்கு மிதப்பு தாங்கவில்லை. வழியெல்லாம் விசில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வெட்டுவது விசில் அடிப்பது மாதிரி இல்லை. நாலு மூலையும் சேர்ந்தால் முந்நூற்று அறுபது பாகை வர வேண்டும் என்று தெரியாத எத்தனை பிள்ளைகளை நான் பெஞ்சில் ஏற்றியிருக்கிறேன். துண்டுக் கட்டைகளில் வெட்டிப் பழகியபோது எனக்கு முந்நூற்று ஐம்பத்துநாலு வந்தது. மிச்சம் ஆறு பாகையும் கடைசி மூலையில் ஓட்டையாக நின்றது. அதில் ஒரு பிஸ்கட்டைச் செருகலாம். என் மனைவி செருகியும் காட்டினாள். ரம்பத்தை வீசி எறியப் போனேன். அத்தை தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்ததால் மெதுவாகக் கீழே வைத்தேன். மறுநாள் மீண்டும் எடுத்தேன். அதற்கு மறுநாளும். பெட்டியை மேசையோடு சேர்த்து ஆணியடித்தபின்தான் அது நகராமல் நின்றது, வெட்டும் நேராக விழுந்தது. அந்த மேசையில்தான் நாங்கள் சாப்பிடுகிறோம் என்பதை மனைவி பிறகு நினைவுபடுத்தினாள்.

குருத்து ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை நல்ல பட்டையை வெட்டினேன். பசை தடவினேன், கொஞ்சமாக. சைக்கிள் கடையில் கேட்டு வாங்கிய பழைய ட்யூபைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். புதன்கிழமை காலை ட்யூபை அவிழ்த்தால் நாலு மூலையும் கூடியிருந்தது. நகத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், தடுக்கவில்லை. அறுபத்திரண்டு வயதில் என் கையால் செய்த முதல் பொருள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

மாலை ஆறு மணிக்கு ஜெபம். நாலு மணிக்கு அத்தை கை கழுவி, துடைத்து, தலையணை உறையிலிருந்து துணியை வெளியில் எடுத்தார். அட்டையில் விரித்து, நான்கு பக்கமும் மடித்து, குண்டூசி குத்த வசதியாகச் சட்டத்துக்குள் வைத்துப் பார்த்தார்.

இடது விளிம்பு சரியாக உட்கார்ந்தது. மேலும் கீழும் சரி. வலது பக்கம் கடைசிச் சீடரின் தோளுக்கு அப்புறம் நாலு விரல் அகலத்துக்கு வெறும் வெள்ளைத் துணி.

நான் பார்த்தேன். மனைவி பார்த்தாள். அத்தை அந்த வெள்ளையில் நாலு விரலை வைத்துப் பார்த்தார்.

"என்ன அளவு மாப்பிள்ளை இது?"

"சார்ட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டேன் அத்தை."

"சார்ட்டுல அவன் இருக்கானே."

இருக்கிறான். ஐந்நூற்று அறுபதில் கடைசி நாற்பத்தி சொச்சம் கட்டம் அவனுடையது. கழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கழித்தல் மூன்றாம் வகுப்புப் பாடம். மூன்று வருஷமாகத் தினமும் அந்தச் சார்ட்டைப் பார்த்துவிட்டு, எல்லாரையும் போல நானும் அவனைச் சேர்த்தே எண்ணியிருக்கிறேன்.

"நடுவுல தள்ளி வச்சிட்டா தெரியாதும்மா, ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் வெள்ளை" என்றாள் மனைவி. நர்ஸ் இல்லையா, எதையும் சமாளிக்கப் பார்ப்பாள். அட்டையை நகர்த்தி வைத்தோம். வெள்ளை சரிசமமாகத்தான் பிரிந்தது. ஆனால் ஆண்டவர் ஓரமாகப் போய்விட்டார், தாமதமாக வந்து கிடைத்த இடத்தில் உட்கார்ந்தவர் மாதிரி. அத்தையின் தையல் டீச்சர் கண் அதை ஒரு நொடிகூடப் பொறுக்கவில்லை. பழையபடி இடது ஓரத்துக்கே தள்ளினார். ஆண்டவர் சட்டத்தின் நட்ட நடுவில் வந்து உட்கார்ந்தார்.

அத்தை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலே கால், நாலரை. சட்டத்தை மறுபடி வெட்டி ஒட்டிக் காய வைக்க இரண்டு நாள் வேண்டும். இருந்தது ஒன்றரை மணி நேரம். மறுநாள் கார் வரும்.

"அத்தை, போகாதீங்க" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. "ஃப்ரேமை நான் வேற பண்றேன். எத்தனை தடவை வேணும்னாலும் பண்றேன். நீங்க போகாதீங்க. பகல்ல இந்த வீட்ல எனக்கு யாரு இருக்கா?"

மனைவி என்னைப் புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அத்தை திரும்பவில்லை. "குறடை எடுங்க மாப்பிள்ளை" என்றார். "ஜனங்க வர நேரமாச்சு."

ஆணிகளைத் தள்ளினேன். சத்தமே வரவில்லை. சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவரில் மாட்டினோம், வலது பக்கத்து வெள்ளையோடு.

ஆறு மணிக்கு வீடு நிறைந்துவிட்டது. ஜெபம் முடிந்து காபி கொடுக்கும்போது, நான் பயந்தபடியே, ஒரு அம்மாள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்துக்குக் கிட்டே போனார். விரல் காற்றில் ஒவ்வொரு தலையாக நகர்ந்தது. வெள்ளையில் வந்து நின்றது.

"இங்க ஒருத்தரைக் காணோமே?"

"வந்துட்டிருக்கான்" என்றார் அத்தை. "காபி ஆறுது, குடிங்க."

எல்லாரும் போனபிறகு போனை எடுத்துப் பெங்களூருக்கு அவரே பேசினார். எப்போதும் போல, அந்தப் பக்கம் கேட்காமல் போய்விடுமோ என்று சத்தமாக.

"நாளைக்குக் காரை எடுத்துட்டு வராதீங்க. நான் வரல... ஈஸ்டருக்கும் இல்ல... உடம்புக்கு ஒண்ணுமில்லடி. இங்க இன்னும் ஒருத்தனைத் தெய்க்க வேண்டியிருக்கு. என்னது? யாரா? அந்த ஆளைத்தான். மாப்பிள்ளை அவனுக்கு இடம் விட்டுட்டார், நான் என்ன பண்றது?"

ஈஸ்டர் முடிந்ததும் ஆணிகளைப் பிடுங்கித் துணியை வெளியில் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மாத வேலை என்று அவரே ஒருகாலத்தில் சொன்னதுதான். இப்போது ஏழாவது மாதம் நடக்கிறது. அவனுக்கு இதுவரை ஒரு செருப்பும் பாதிக் கணுக்காலும் ஆகியிருக்கின்றன. நேற்று தைத்ததில் நாலு வரிசையை, நூல் முறுக்கு சரியில்லை என்று சொல்லி, இன்று காலை பிரித்துக்கொண்டிருந்தார்.

நன்றாகப் பிரியுங்கள் அத்தை என்று விளக்கை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.